ரெசல்யூஷன்: தெளிவுத்திறனா, பிரிதிறனா?

2025 ஏப்ரலில், கேரளத்தில் தமிழும் மலையாளமும் புழங்கும் கொழிஞ்சாம்பாறையில், எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு வாரம் முழுக்க ஒரே வழக்கு. நிண்டெண்டோ ஸ்விட்ச் 2 என்ற கையடக்க வீடியோ விளையாட்டுக் கருவியின் விவரங்கள் அந்த மாதம் 2ஆம் தேதி வெளிவந்திருந்தன. விற்பனைக்கு வர ஜூன் 5 வரை பொறுக்க வேண்டியிருந்தது. கைக்கு வராத பொருளைப் பற்றிச் சண்டை போட இரண்டு மாதம் தாராளம்.

"7.9 அங்குலத் திரை, 1920க்கு 1080 புள்ளிகள். தெளிவுத்திறன் கூடிவிட்டது சித்தப்பா" என்றான் அண்ணன் மகன்.

"எல்சிடி திரைதானே? பழைய ஸ்விட்சின் ஓஎல்இடி திரையின் தெளிவுத்திறன் இதற்கு வருமா?" என்றான் அவன் கூட்டாளி.

இருவர் சொன்னதும் சரிதான். ஒருவன் புள்ளிகளை எண்ணினான், மற்றவன் கறுப்பு எவ்வளவு கறுப்பாகத் தெரிகிறது என்று பார்த்தான்; ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், எல்சிடிக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வர வேண்டும். ரெசல்யூஷனுக்குத் தமிழில் பரவலாக எழுதப்படும் 'தெளிவுத்திறன்' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டையும் திணித்துவிட்டு ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்தார்கள்.

ரெசல்யூஷனின் வேர் லத்தீன். 'சொல்வெரெ' என்றால் அவிழ்த்தல், தளர்த்துதல். சிக்கல் அவிழ்ந்து முடிவு பிறக்கும்போது அது பஞ்சாயத்துத் தீர்மானம். ஒட்டிக்கிடப்பதைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும்போது ஒளியியல். வேரைப் பற்றி இது போதும். இந்த இரு கிளைகளும் தெரியாத மொழிபெயர்ப்பு இயந்திரம் 'திரைத் தீர்மானம் 1080' என்று எழுதிவிடுகிறது. எங்கள் பக்கத்தில் அது இரட்டிப்பு வேடிக்கை. மலையாளத்தில் சட்டசபையில் கொண்டுவருவது 'பிரமேயம்', 'தீருமானம்' என்றால் முடிவு. எந்த மொழிக்காரரும் சிரித்துவிட்டுக் கடந்துவிடுவார் என்பதால் இந்தப் பிழையால் கேடில்லை. தெளிவுத்திறன் அப்படியல்ல. சரியான சொல்லைப் போலவே உடுத்திக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டது.

தெளிவு என்றால் என்ன? கலங்கிய நீரில் தேற்றாங்கொட்டையை உரைத்துவிட்டால் தெளிகிறதே, அது. கலங்கல் நீங்குதல். அதற்கும் புள்ளிக் கணக்குக்கும் என்ன உறவு? துபாய் மாமா கொண்டுவந்த இரண்டு கருவிகளைத் திண்ணையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். ஒன்று 2017இல் வந்த முதல் ஸ்விட்ச், 6.2 அங்குலம். மற்றது 2021இன் ஓஎல்இடி, 7 அங்குலம். இரண்டிலும் 1280க்கு 720 புள்ளிகள்தான். திரை பெரிதானதால் புதியதில் அங்குலத்துக்கு 210 புள்ளி, பழையதில் 237. அதாவது புதியதில் நெருக்கம் குறைவு. ஆனால் திண்ணையில் இருந்த எல்லோரும், அண்ணியார் உட்பட, புதியதுதான் தெளிவு என்றார்கள். உண்மையும் அதுதான். தெளிவுத்திறன் ஏறவேயில்லை, தெளிவு ஏறிவிட்டது! இப்படித் தன் வாலைத் தானே கடிக்கும் சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இரண்டையும் வாசல் வெயிலுக்குக் கொண்டுபோனோம். ஏப்ரல் வெயிலில் முகம்தான் தெரிந்தது, படம் தெரியவில்லை. தெளிவு போயிற்று, புள்ளிகள் ஒன்றுகூடக் குறையவில்லை.

பிரிதிறன் இயற்பியல் படித்தவர்களுக்குப் புதிதல்ல. நெருங்கியிருக்கும் இரு புள்ளிகளை இரண்டாகக் காட்டும் திறன் அது. கல்யாணத்தில் அருந்ததி பார்ப்பது நம் வீட்டுப் பிரிதிறன் சோதனை: வசிட்டருக்குப் பக்கத்தில் அருந்ததி தனியாகத் தெரிய வேண்டும். மேகமில்லாத இரவில் வசிட்டர் பளிச்சென்று ஒற்றை மீனாகத் தெரிவார். ஒரு சிறு தொலைநோக்கியைத் திருப்பினால் அந்த வசிட்டரே இரண்டாகப் பிரிவார். வானம் தெளிந்திருந்தது தெளிவு. ஒன்றை இரண்டாக்கியது பிரிதிறன். சொல்லும் வினைத்தொகை, பிரித்தறி, பிரிந்து என்று வினையோடு கூடவே நடக்கும்.

விவரப் பட்டியலில் இருப்பது எண்ணிக்கைதானே, திறன் எங்கே வந்தது என்று கறாரானவர்கள் கேட்கலாம். நியாயம். பட்டியலில் 'படப்புள்ளி எண்ணிக்கை' என்றே போடுங்கள், இன்னும் மகிழ்வேன். 720இல் 9,21,600 புள்ளிகள், 1080இல் 20,73,600. கருவி ஒவ்வொரு முறையும் இரண்டேகால் மடங்கு வரைய வேண்டும், அதற்கான கூலியைப் பேட்டரி கொடுக்கிறது. தெளிவு என்று எழுதினால் இந்தச் செலவு கண்ணில் படாது. இலவசமாக வருகிற நன்மைபோல ஒலிக்கும்.

எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. தெளிவுத்திறன் ரெசல்யூஷனின் மொழிபெயர்ப்பே அல்ல. இங்கே தமிழரும் மலையாளிகளும் எந்தப் படத்தைப் பார்த்தாலும் 'கிளாரிட்டி' என்பார்கள். மொழிபெயர்ப்பாளர் கண்ணால் ரெசல்யூஷனைப் படித்துவிட்டு, காதில் கிடந்த கிளாரிட்டியைத் தமிழாக்கிவிட்டார். கூடவே ஒரு 'திறன்' ஒட்டினால் கலைச்சொல்லாகிவிடும் என்ற நம்பிக்கை வேறு. ஒருவர் ஒட்டியதை ஒன்பது பேர் நகலெடுக்கிறார்கள். பொருளைக் கையில் எடுத்துப் பார்த்தவர் யாருமில்லை.

இத்தனையும் கேட்டுவிட்டு அண்ணன் மகன், "சரி சித்தப்பா, இனி ரெசல்யூஷன் என்றே சொல்கிறேன்" என்றான். எனக்கு அது சம்மதம்.