‘நெகட்டிவ் ஆள்’ என்று எழுதி அனுப்பாதீர்கள்

போன மாதம் மட்டும் நான்கு சீட்டு. நான்கிலும் ஒரே வரி: “நெகட்டிவ் ஆட்டிட்யூட். கவுன்சலிங் தேவை.” கீழே எச்.ஆர். சீல். காய்ச்சல், பேதி, விரலில் வெட்டு என்று வரும் சீட்டுகளோடு இதையும் சேர்த்து என் மேசையில் வைத்துவிட்டுப் போகிறார்கள். நான் ஒரு ஊசி போட்டால் ஆள் சிரித்த முகமாக லைனுக்குத் திரும்பிவிடுவார் என்று நினைப்பு போலிருக்கிறது.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் 17 வருடமாகக் கம்பெனி டாக்டராக இருக்கிறேன். தரமணியில் மூன்று மாதம் தொழிலக மருத்துவம் படித்தபோது சத்தம், தூசி, ஈயம், ரசாயனம் என்று மண்டையை உடைத்துக்கொண்டோம். மூஞ்சியைத் தூக்கி வைத்திருப்பவருக்கு என்ன மருந்து என்று ஒரு பரீட்சையிலும் கேட்கவில்லை. இப்போது பாதி நாள் அதிலேயே போகிறது.

நான்காவது சீட்டோடு வந்தவருக்கு 41 வயது. தரச் சோதனைப் பிரிவு, 14 வருட சர்வீஸ். உட்காரும்போதே, “நான் நல்லாத்தான் இருக்கேன் மேடம், கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க” என்றார். பி.பி. பார்த்தேன். 150/96. எதற்காக அனுப்பினார்கள் என்று கேட்டதற்கு, காலை மீட்டிங்கில் கை தட்டவில்லையாம். வெளியிலிருந்து வந்த பயிற்சியாளர் ஒருவர், தினமும் ஷிப்ட் தொடங்குமுன் எல்லோரும் வட்டமாக நின்று “இன்று நல்ல நாள்” என்று உரக்கச் சொல்லிக் கை தட்ட வேண்டும் என்று கற்றுக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். இவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்.

சும்மா பேச்சுக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் கழித்துச் சட்டைப் பையிலிருந்து உள்ளங்கை அளவு டைரி ஒன்றை எடுத்தார். எல்.ஐ.சி. ஏஜென்ட் கொடுப்பார்களே, அந்த மாதிரி. அதில் ஒரு பக்கம் முழுக்க ஒரே விஷயம்: “மேசை 3, டியூப்லைட் மினுக்குது.” பக்கத்தில் தேதி, யாரிடம் சொன்னார் என்ற பெயர். பதினோரு வரி. முதலில் மெயின்டனன்ஸ், அப்புறம் சூப்பர்வைசர், அப்புறம் ஷிப்ட் இன்சார்ஜ், மறுபடி மெயின்டனன்ஸ். கடைசி மூன்று வரியில் பெயர்கூட இல்லை, தேதி மட்டும். அதோடு பக்கம் காலி.

அவர் வேலை, அலுமினிய வார்ப்பில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பது. எட்டு மணி நேரம், மினுக்கும் வெளிச்சத்தில். போன மாதம் ஒரு லாட் கஸ்டமரிடமிருந்து திரும்பி வந்திருக்கிறது. விளக்கம் கேட்டிருக்கிறார்கள். “லைட்டப் பத்திச் சொன்னேன். சாக்கு சொல்றேன்னுட்டாங்க. அதுக்கப்புறம்தான் மேடம் எனக்கு கை தட்ட வரல.”

அவர் போன பிறகு எங்கள் மருந்து ரிஜிஸ்டரைப் புரட்டினேன். இரண்டு மாதத்தில் ஒன்பது முறை தலைவலி என்று வந்து பாரசிட்டமால் வாங்கியிருக்கிறார். ஒன்பதிலும் என் கையெழுத்து. ஒரு தடவைகூட “எங்கே உட்கார்ந்து வேலை பார்க்கிறீர்கள்?” என்று நான் கேட்கவில்லை. ஆகவே நான் கத்தப்போவது எனக்கும் சேர்த்துத்தான்.

எனக்குத் தாங்கவே முடியாத நம்பிக்கை ஒன்று இருக்கிறது. நெகட்டிவ் என்பது ஆளோடு பிறந்த குணம், அல்லது ஒட்டுவாரொட்டி மாதிரி ஒரு நோய், அந்த ஆளைத் தனியே பிரித்து இரண்டு நல்ல வார்த்தை சொன்னால் சரியாகிவிடும் என்பது. மேனேஜர்களும் நம்புகிறார்கள், படித்த எச்.ஆர். பிள்ளைகளும் நம்புகிறார்கள், கொடுமை என்னவென்றால் அந்தத் தொழிலாளியே நம்புகிறார். “நான்தான் மேடம் கொஞ்சம் நெகட்டிவ் டைப்” என்று மன்னிப்புக் கேட்கிற குரலில் சொல்கிறார்.

சரி, கொஞ்சம் பொறுமையாகவே சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் நெகட்டிவாக இருந்த ஒரு ஆளை எனக்குக் காட்டுங்கள். நான்தான் அவர்களுக்கு வேலைக்கு முந்தைய மருத்துவப் பரிசோதனை செய்கிறேன். அத்தனை பேரும் பல் தெரியச் சிரிக்கிறார்கள். அதே ஆள் ஐந்து வருடத்தில் “எதையும் சொல்லிப் பிரயோஜனம் இல்ல” என்கிறார். நடுவில் என்ன நடந்தது என்று யாரும் கேட்பதில்லை. நான் பார்த்தவரை இதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் குறையைச் சொல்வார். நடக்கவில்லை என்றால் கொஞ்சம் சூடாகச் சொல்வார். அதுவும் நடக்காவிட்டால் கேலியாக, டீ பிரேக்கில், அடுத்தவரிடம் சொல்வார். இந்தக் கட்டத்தில்தான் உங்கள் கண்ணுக்கு அவர் நெகட்டிவாகத் தெரிகிறார். கடைசியில் வாயை மூடிக்கொள்வார். “அப்பாடா, திருந்திவிட்டான்” என்று நீங்கள் நினைப்பது அப்போதுதான். எனக்குப் பயமும் அப்போதுதான்.

1967-ல் அமெரிக்காவில் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் நாய்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். சில நாய்களுக்கு, எப்படித் துள்ளினாலும் நிறுத்த முடியாதபடி மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். பிறகு அதே நாய்களை, சின்னத் தடுப்பைத் தாண்டினால் தப்பிக்கக்கூடிய பெட்டியில் விட்டார்கள். பெரும்பாலானவை தாண்டவில்லை, படுத்துக்கொண்டு வாங்கிக்கொண்டன. (தொழிலாளியை நாயோடு ஒப்பிடுகிறாயா என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.) கையாலாகாமையை அவை கற்றுக்கொண்டுவிட்டன என்று அன்றைக்கு விளக்கம் சொன்னார்கள். ஐம்பது வருடம் கழித்து, 2016-ல் அதே இருவரும் மூளை ஆய்வுகளைப் பார்த்துவிட்டு, நாங்கள் தலைகீழாகச் சொல்லிவிட்டோம் என்று எழுதினார்கள். துன்பம் நீண்டுகொண்டே போனால் ஒடுங்கிப் போவது உடம்பின் இயல்பு, அதைக் கற்றுத்தர வேண்டியதில்லை. ‘நான் செய்தால் நடக்கும்’ என்பதைத்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இதில் எனக்குப் பிடித்த இடம் வேறு. படுத்துக்கிடந்த நாய்களை எப்படிச் சரிசெய்தார்கள் தெரியுமா? கழுத்தில் கயிறு போட்டு, தடுப்பைத் தாண்டி மறுபக்கம் இழுத்து விட்டார்கள். ஒரு தடவை இல்லை, பல தடவை. தாண்டினால் வலி நிற்கிறது என்பது உடம்புக்குத் தெரிந்த பிறகு தானாகத் தாண்டின. நாய்களுக்கு யாரும் உற்சாக உரை ஆற்றவில்லை. பலூன் ஊதி உடைக்கும் விளையாட்டும் வைக்கவில்லை.

பயிற்சியாளர்கள் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் இல்லை, பலர் நன்றாகவே பேசுகிறார்கள். ஆனால் அந்தப் பேச்சின் ஆயுள் ஹாலிலிருந்து கேன்டீன் வரைதான். கேன்டீனில் அதே தண்ணிச் சாம்பார்.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் நோய்ப் பட்டியலைத் திருத்தியபோது, வேலைச் சோர்வை வேலையால் வரும் ஒரு நிலை என்று அதில் வரையறுத்தது. நோய் என்று சொல்லவில்லை. மூன்று அடையாளம்: சக்தி வற்றிப் போவது, வேலையிடமிருந்து மனம் விலகி எதிர்மறையாக அல்லது ஏளனமாகப் பார்ப்பது, நம்மால் உருப்படியாக ஒன்றும் ஆகவில்லை என்ற எண்ணம். இரண்டாவதை மறுபடி படியுங்கள். நீங்கள் சீட்டில் எழுதி அனுப்புகிறீர்களே, அது ஒரு விளைவு. நீண்ட நாள் தீராத வேலை அழுத்தம்தான் காரணம் என்று அந்த வரையறையிலேயே இருக்கிறது.

இதெல்லாம் மனசு சம்பந்தப்பட்டது. அதற்கு முன்னால் உடம்பைப் பாருங்கள். சென்ற வருடம் பேக்கிங்கில் ஒரு பெண்ணை “எரிந்து விழுகிறார், டீமோடு ஒத்துப்போகவில்லை” என்று அனுப்பினார்கள். கீழ் இமையைப் பிதுக்கிப் பார்த்தேன், வெள்ளைக் காகிதம். ஹீமோகுளோபின் 7.9. குறைந்தது பன்னிரண்டு இருக்க வேண்டும். மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறவர் எப்படிப் புன்னகையோடு டீம் ஒர்க் செய்வார்? 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பெண்கள் அதிகம் உள்ள லைனில் ‘மூட் சரியில்லை’ என்று சொல்லுமுன் இந்த எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதச் சிகிச்சைக்குப் பின் அவரைப் பற்றி எனக்கு ஒரு சீட்டும் வரவில்லை.

தைராய்டு குறைவு, சர்க்கரை, குறட்டையோடு மூச்சுத் திணறும் தூக்கம், எல்லாமே ‘ஆட்டிட்யூட்’ வேஷத்தில்தான் என் அறைக்கு வருகின்றன. தகடு அடிக்கும் இரைச்சலான பிரஸ் ஷாப்பில் பல வருடம் நின்றவர் கத்திப் பேசினால் அது திமிர் இல்லை, காது. ஆடியோகிராம் என்ற கேட்கும் திறன் வரைபடத்தில் 4000 ஹெர்ட்ஸ் பக்கம், அதாவது கீச்சென்ற ஒலிகள் இருக்கும் இடத்தில், பள்ளம் விழுந்திருக்கும். மற்றவர் மெதுவாகப் பேசினால் தன்னைப் பற்றித்தான் ஏதோ பேசுகிறார்கள் என்றும் அவருக்குத் தோன்றும்.

அப்புறம் இரவு ஷிப்ட். பத்திலிருந்து ஆறு வரை வேலை, பஸ் பிடித்து சுங்குவார்சத்திரத்தில் நான்கு பேர் தங்கும் ஆஸ்பெஸ்டாஸ் அறைக்குப் போய்ச் சேர ஏழரை. பத்து மணிக்கெல்லாம் கூரை கொதிக்கிறது. நாலு மணி நேரம் தூங்கினால் அதிகம். அடுத்த வாரம் ஷிப்ட் மாறும், உடம்பு திரும்பவும் முதலிலிருந்து தொடங்கும். இந்த ஆளிடம் “எனர்ஜி, எனர்ஜி” என்று கத்துகிறீர்கள்.

அதற்காகத் தொழிலாளி பக்கம் தப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. எதையெடுத்தாலும் நொட்டை சொல்கிறவர் எல்லா லைனிலும் ஒருவர் இருக்கிறார். லைட் மாற்றினால் கண் கூசுகிறது என்பார், போனஸ் வந்தால் வரி பிடித்துவிட்டான் என்பார். அவர் பக்கத்தில் நிற்கிற டிரெய்னி ஆறே வாரத்தில் அதே வசனத்தைப் பேசுகிறான், நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நல்லதைவிடக் கெட்டது மனதில் ஆழமாகப் பதியும் என்பது உளவியலில் பலமுறை சோதித்துப் பார்த்த விஷயம். பத்து நல்ல பேச்சை ஒரு புலம்பல் அடித்துப்போடும். அப்படிப்பட்டவரிடம் வாதம் செய்யாதீர்கள், உபதேசம் அறவே வேண்டாம். “சரி அண்ணே, என்ன பண்ணலாம், நீங்களே சொல்லுங்க” என்று பேப்பரைக் கையில் கொடுங்கள். உண்மையான குறை இருந்தால் எழுதுவார். இல்லாவிட்டால் பேப்பரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு ஆளைத் தேடிப் போவார். இரண்டுமே லாபம்.

வேலை பார்க்கிறவர்களுக்கு என் வேண்டுகோள் சின்னதுதான். புலம்புவதற்கு முன் ஒரு தடவையாவது, சரிசெய்யக்கூடிய ஆளிடம், பெயர் சொல்லி, இடம் சொல்லிச் சொல்லுங்கள். “இந்தக் கம்பெனியே சரியில்ல” என்றால் யாராலும் எதையும் சரிசெய்ய முடியாது. “மேசை 3 லைட்” என்றால் முடியும். ஷிப்ட் முடிந்தபின் வாட்ஸ்அப் குரூப்பில் அதே சண்டையைத் தொடராதீர்கள், இருக்கிற நாலு மணி நேரத் தூக்கமும் அதில்தான் போகிறது. இன்னொன்று. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலுமே பிடிப்பில்லை, பசியும் தூக்கமும் கெட்டுவிட்டன, செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறது என்றால் தயவுசெய்து அதை ‘நெகட்டிவ் மூட்’ என்று நீங்களும் ஒதுக்காதீர்கள். அது மனச்சோர்வாக இருக்கலாம், மருந்து இருக்கிறது. 14416 என்ற டெலி மனஸ் எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது, தமிழிலேயே பேசுவார்கள். என் அறைக்கு வந்தாலும் சரி. சீட்டு இல்லாமல் வரலாம்.

சூப்பர்வைசர்களே, உங்களுக்குக் கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்வேன். ஒருவர் குறை சொன்னால் மூன்று நாளுக்குள் பதில் சொல்லுங்கள். ‘முடியாது, இந்தக் காரணத்தால்’ என்பதும் பதில்தான், ‘பார்க்கலாம்’ என்பது இல்லை. பத்துப் பேர் முன்னால் திட்டாதீர்கள். அப்ரைசல் படிவத்தில் ‘நெகட்டிவ்’ என்று எழுதக் கை போனால், அவர் கடைசியாகச் சொன்ன மூன்று குறை என்ன, அவை என்ன ஆயின என்று பக்கத்தில் எழுதுங்கள். எழுத முடியவில்லை என்றால் பேனாவைக் கீழே வையுங்கள்.

உங்கள் லைனிலேயே இதற்கு ஒரு ஏற்பாடு தொங்கிக்கொண்டிருக்கிறது. ஆண்டான் விளக்கு. ஜப்பானில் டயோட்டாக்காரர்கள் பிரபலமாக்கியது. பிரச்சினை கண்ணில் பட்டால் எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுக்கலாம், விளக்கு எரியும், உடனே லீடர் ஓடி வர வேண்டும், தீரவில்லை என்றால் லைனே நிற்கும். குறை சொல்வதுதான் அங்கே வேலையின் ஒரு பகுதி. நம் ஊரில் அந்த விளக்கை வாங்கி மாட்டினோம், ஆனால் இழுத்தவனை முறைக்கிறோம். ஆண்டான் என்ற சொல்லுக்குத் தமிழில் இருக்கிற பழைய அர்த்தத்தையே எடுத்துக்கொண்டோம் போல.

அந்தத் தரச் சோதனைக்காரர் சீட்டில் நான் எழுதியது இரண்டு வரி: “பி.பி.க்கு மருந்து கொடுத்திருக்கிறேன். மேசை 3-ன் டியூப்லைட்டை மாற்றவும்.” எச்.ஆரிலிருந்து போன் வந்தது, இது மெடிக்கல் குறிப்பா என்று. ஆமாம் என்றேன். நாலாம் நாள் எல்.இ.டி. மாட்டினார்கள்.

போன வாரம் பி.பி. பார்க்க வந்தார். 138/88. தலைவலி இல்லையாம். எழுந்து கதவு வரை போனவர் திரும்பி நின்று, “லைட் ஓகே மேடம். ஆனா அந்த ஸ்டூல் ஆடுது” என்றார். பையிலிருந்து டைரி எட்டிப் பார்த்தது. நானும் ஒரு பேப்பரை எடுத்து, எந்த மேசை என்று கேட்டேன்.