எட்டு வயதில் நொண்டியடிக்க வரவில்லை என்றால்

"சாயங்காலமானா கால் வலிக்குதுங்கிறான்." "மாடி ஏறினா மூச்சு வாங்குது." "உட்கார்ந்தா கூன் போடுறா." கிளினிக்குக்குப் பிள்ளைகளைக் கூட்டிவரும் பெற்றோர் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றோடுதான் வருகிறார்கள். பிசியோதெரபிஸ்ட் என்றால் வலிக்கும் இடத்தை அமுக்கிப் பார்ப்பார் என்று பிள்ளை எதிர்பார்க்கும். நான் முதலில் செருப்பைக் கழற்றிவிட்டு நொண்டியடிக்கச் சொல்வேன். ஒரு காலில் ஐந்து தடவை, பிறகு மறு காலில். அடுத்து, குதிகால் தரையைவிட்டு எழும்பாமல் குத்தவைத்து உட்காரச் சொல்வேன். கடைசியாக ஒரு டென்னிஸ் பந்தைப் போட்டுப் பிடிக்கச் சொல்வேன்.

எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள் இரண்டு நொண்டிக்கு மேல் தாங்காமல் மறு காலை ஊன்றுகிறார்கள். குத்தவைத்தால் பின்னால் சாய்ந்து விழுகிறார்கள். பந்து வந்தால் கண்ணை மூடி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். "அவனுக்கு விளையாட்டுல இன்ட்ரஸ்ட் இல்ல மேடம்" என்பார் அம்மா. பந்தைப் பிடிக்க வராத பிள்ளைக்கு எப்படி இன்ட்ரஸ்ட் வரும்? நாலு பேர் முன்னால் இரண்டு முறை கேட்சை விட்டால், மூன்றாம் நாள் அவன் மைதானத்தின் ஓரத்தில்தான் நிற்பான்.

நடை தானாக வரும். நொண்டுவது, தாவுவது, எறிவது, பிடிப்பது, ஓடும்போதே சட்டென்று திரும்புவது இவையெல்லாம் பழகினால்தான் வரும். ஐந்து வயதில் ஒரு காலில் நொண்ட வர வேண்டும். நாலு வயதிலேயே பெரிய பந்தைப் பெரும்பாலும் பிடித்துவிட வேண்டும். எழுத்துப் பழகுவதைப் போலவே இதற்கும் திரும்பத் திரும்பச் செய்யும் நேரம் வேண்டும். தெருவில் பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொண்ட காலத்தில், யாரும் சொல்லித்தராமலே அந்த நேரம் கிடைத்தது. பாண்டி ஆட்டத்தைக் கவனியுங்கள்: ஒற்றைக் காலில் நொண்ட வேண்டும், கோட்டை மிதிக்கக் கூடாது, அதே காலில் நின்றபடி குனிந்து சில்லை எடுக்க வேண்டும். நாங்கள் கிளினிக்கில் செய்யச் சொல்லும் சமநிலைப் பயிற்சியில் பாதி அதில் இருக்கிறது. பச்சைக்குதிரையில் தோளும் மணிக்கட்டும் உடல் எடையைத் தாங்கப் பழகும். கல்லா மண்ணாவில் வேகமாக ஓடி நிற்கப் பழகும்.

இவையெல்லாம் போனதற்கு போனைத் திட்டுவது சுலபம். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. தெருவில் பைக் வந்துவிட்டது. அபார்ட்மென்ட் தரைத்தளத்தைக் கார் பிடித்துக்கொண்டு, சுவரில் 'இங்கே பந்து விளையாடக் கூடாது' என்று போர்டும் வைத்தாகிவிட்டது. பள்ளி வேன் வீடு சேர ஐந்து மணி, ஆறு மணிக்கு டியூஷன். நடுவே இருக்கும் ஒரு மணி நேரத்தில் கையில் கிடைப்பது போன்தான்.

5 முதல் 17 வயது வரை, சராசரியாக நாளுக்கு 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு உடல் அசைய வேண்டும், வாரத்தில் 3 நாளாவது தசைக்கும் எலும்புக்கும் வேலை தரும் ஆட்டம் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். 146 நாடுகளின் தரவுகளை வைத்து அதற்கு முந்தைய ஆண்டு வெளியான ஆய்வில், 11 முதல் 17 வயதினரில் 81 சதவீதம் பேர் இந்த அளவை எட்டவில்லை. 60 நிமிடத்தையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை. ஆனால் வாரத்துக்கு இரண்டு நாள் கராத்தே கிளாஸ் போதும் என்று நினைக்காதீர்கள். ஒருநாள் வாசலில் நின்று பாருங்கள், அந்த ஒரு மணி நேரத்தில் உங்கள் பிள்ளை வரிசையில் நிற்பது எவ்வளவு நேரம் என்று.

"ஒல்லியாத்தானே இருக்கான், அவனுக்கு எதுக்கு எக்சர்சைஸ்?" என்றும் கேட்கிறார்கள். புனேயில் மருத்துவர் யாஜ்னிக் குழுவினர், நம் நாட்டில் பிறக்கும் குழந்தைகளை இங்கிலாந்துக் குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். நம் குழந்தைகள் எடையில் குறைவு, தசையும் குறைவு, கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. பார்வைக்கு ஒல்லி என்பது நம் ஊரில் ஆரோக்கியத்துக்கு அத்தாட்சி ஆகாது. குண்டுப் பிள்ளையையாவது யாராவது மருத்துவரிடம் காட்டச் சொல்வார்கள். ஒல்லிப் பிள்ளையை யாரும் கவனிப்பதில்லை.

பெண் பிள்ளைகள் விஷயம்தான் எனக்கு அதிகக் கவலை தருவது. ஐந்தாம் வகுப்பு வரை பையன்களுக்குச் சமமாக ஓடியவள், வயதுக்கு வந்த பிறகு ஓடுவதை நிறுத்திவிடுகிறாள். யாராவது அதட்டித்தான் நிறுத்த வேண்டும் என்றில்லை. "இன்னும் என்ன சின்னப் பிள்ளையாட்டம் குதிக்கிற?" என்று பாட்டி ஒரு வார்த்தை சொன்னால் போதும். பள்ளியில் தண்ணீர் வராத கழிப்பறை, ஓடினால் சரியும் துப்பட்டா, சரியான அளவில் வாங்கித் தராத உள்ளாடை என்று காரணங்கள் சேர்ந்துகொண்டே போகும். எலும்புக்கோ அதுதான் அறுவடைக் காலம். கனடாவில் பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து அளந்த ஆய்வு ஒன்று, பெரியவர் ஆகும்போது எலும்பில் இருக்கும் தாதுவில் சுமார் கால் பங்கு வெறும் இரண்டு ஆண்டுகளில் சேர்கிறது என்று காட்டியது. அந்தச் சேர்க்கையின் உச்சம் பெண்களுக்குப் பன்னிரண்டரை வயதை ஒட்டி வருகிறது, பையன்களுக்குப் பதினான்கை ஒட்டி. ஏழு, எட்டாம் வகுப்பில் அவளை உட்கார வைக்கிறோம் என்றால் எந்த இரண்டு ஆண்டுகளை வீணாக்குகிறோம் என்று பாருங்கள்.

எலும்பு கேட்பது குதிப்பதும் அதிர்வதும். நீச்சல் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் நல்லதுதான், ஆனால் எலும்பின் மேல் எடை ஏறாததால் இந்த ஒரு வேலையை அது செய்யாது. மொட்டை மாடியில் பத்து நிமிடம் கயிறு தாண்டினால் செய்யும். மாதவிலக்கு நாட்களில் விளையாடலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். அவளுக்கு முடிந்தால் தாராளமாக விளையாடலாம். முதலில் நல்ல ஸ்போர்ட்ஸ் பிரா ஒன்று வாங்கிக் கொடுங்கள். இதைச் சொல்லும்போது அப்பாக்கள் வெளியே பார்க்கிறார்கள், அம்மாக்கள் குறித்துக்கொள்கிறார்கள்.

ஏற்கனவே பின்தங்கிய பிள்ளையை நேராகக் கோச்சிங்கில் கொண்டுபோய் விடாதீர்கள். அங்கே அவன்தான் கடைசி ஆளாக இருப்பான், திரும்பவும் ஓரமாக நிற்பான். முதலில் சில வாரம் வீட்டிலேயே, யாரும் பார்க்காமல் பழகட்டும். பந்து பிடிக்க வராதவனுக்கு பலூனில் தொடங்குங்கள். அது மெதுவாக இறங்கும், கண் பின்தொடர நேரம் கிடைக்கும். பலூன் பழகியதும் பெரிய ரப்பர் பந்து, டென்னிஸ் பந்து கடைசியாக. நொண்ட வராதவள் முதலில் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கட்டும், பிறகு உங்கள் கையைப் பிடித்து நொண்டட்டும். ஒரு வேளைச் சாப்பாட்டையாவது சம்மணமிட்டுத் தரையில் வையுங்கள். கை ஊன்றாமல் எழுந்திருப்பதே இடுப்புக்கும் தொடைக்கும் நல்ல பயிற்சி. விளையாட்டு முடிந்தவரை வெளியே, வெளிச்சத்தில் நடக்கட்டும், அது கண்ணுக்கும் நல்லது. சீனாவின் குவாங்சோவில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளைத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டார்கள். மூன்று ஆண்டில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் அந்தப் பள்ளிகளில் 30 சதவீதம், மற்றப் பள்ளிகளில் 39 சதவீதத்துக்கு மேல்.

எல்லாமே பழக்கமின்மை என்று நானும் சொல்லிவிட முடியாது. இரண்டு காலும் இரவில் வலித்து, அமுக்கிவிட்டால் அடங்கி, காலையில் பிள்ளை ஓடுகிறது என்றால் பெரும்பாலும் பயமில்லை. ஒரே காலில் ஒரே இடத்தில் வலி, காலையில் மூட்டு விறைப்பு, விந்தி நடப்பது, கூடவே காய்ச்சல் இருந்தால் குழந்தைகள் நல மருத்துவரைத் தள்ளிப்போடாமல் பாருங்கள். மூன்று முதல் ஆறு வயதுப் பையன் தரையிலிருந்து எழும்போது தன் தொடைகளையே கையால் பிடித்து ஏறுவதுபோல் எழுந்தால், கெண்டைக்கால் மட்டும் பருத்திருந்தால், அடிக்கடி விழுந்தால், அது தசைச் சிதைவு நோயின் தொடக்கமாக இருக்கலாம். சிகே என்ற எளிய ரத்தப் பரிசோதனையில் முதல் துப்பு கிடைத்துவிடும். "சோம்பேறிப் பய" என்று பெயர் வாங்கியே இரண்டு வருடம் போன பிறகு வரும் பிள்ளைகளும் உண்டு. இன்னொரு வகை, எவ்வளவு பழகினாலும் பட்டன் போடவும் சைக்கிள் ஓட்டவும் வராமல் தடுமாறும் பிள்ளைகள். பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்கு இந்த ஒருங்கிணைப்புக் குறைபாடு உண்டு. அடியும் திட்டும் அதற்கு வைத்தியமல்ல, பயிற்சி கொடுத்தால் தேறுவார்கள்.

எங்களிடம் வரும்போது ஒன்று செய்யுங்கள். பிள்ளை வீட்டில் ஓடுவதையும், படி ஏறுவதையும், தரையிலிருந்து எழுவதையும் பக்கவாட்டிலிருந்து வீடியோ எடுத்து வாருங்கள். கிளினிக்குக்குள் வந்தால் பாதிப் பிள்ளைகள் அம்மா மடியை விட்டு இறங்குவதில்லை.