பார் சண்டை எப்போது கொலை முயற்சி வழக்காகிறது?

பார் தகராறில் சிக்கி என் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் "சும்மா கைகலப்புதான் சார், ஸ்டேஷன்லயே முடிஞ்சிடும்" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். நான் கேட்கும் முதல் கேள்விகள் மூன்று. கையில் என்ன இருந்தது? அடி எங்கே பட்டது? அடிபட்டவர் இப்போது எப்படி இருக்கிறார்? சண்டை எவ்வளவு அற்பமான காரணத்துக்கு வந்திருந்தாலும், வழக்கின் கனத்தை இந்த மூன்றும்தான் தீர்மானிக்கின்றன.

இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது; கீழே சொல்லும் பிரிவுகள் எல்லாம் அதில் உள்ளவை. வெறுங்கையால் அடித்து சாதாரண காயம் ஏற்படுத்தினால் பிரிவு 115(2): 1 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாமீன் கிடைக்கும், அடிபட்டவர் சம்மதித்தால் சமரசமாகவும் முடிக்கலாம். ஆனால் அதே குத்தில் மூக்கெலும்பு முறிந்தால் அது கொடுங்காயம். பிரிவு 117(2)-இன்படி 7 ஆண்டு வரை சிறை. பல் உடைந்தாலும், ஒரு கண்ணின் பார்வை நிரந்தரமாகப் போனாலும், முகம் நிரந்தரமாக உருக்குலைந்தாலும், 15 நாள் கடும் வலியோடு கிடக்க நேர்ந்தாலும் கொடுங்காயம்தான்.

இது நடைமுறையில் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். இரவில் சிறு பிரிவில் எஃப்.ஐ.ஆர். பதிவாகிறது. அடித்தவர் வீட்டுக்குப் போய்த் தூங்குகிறார். மறுநாள் எடுத்த எக்ஸ்ரேயில் முறிவு தெரிகிறது. காயச் சான்றிதழில் மருத்துவர் "கொடுங்காயம்" என்று எழுதுகிறார். விசாரணை அதிகாரி பிரிவை மாற்றி நீதிமன்றத்துக்கு அறிக்கை அனுப்புகிறார். அடித்தவர் புதிதாக எதுவும் செய்யவில்லை. வழக்கு மட்டும் வளர்ந்துவிட்டது.

அடுத்து பாட்டில். வெட்டவோ குத்தவோ கூடிய பொருளால், அல்லது ஆயுதமாகப் பயன்படுத்தினால் உயிரைப் பறிக்கக்கூடிய பொருளால் காயப்படுத்தினால் பிரிவு 118 வருகிறது. உடைந்த கண்ணாடி இதில் நேராக அடங்கும். காயம் சாதாரணமாக இருந்தாலே 3 ஆண்டு வரை. கொடுங்காயமென்றால் குறைந்தது 1 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். அதே பாட்டில் கழுத்திலோ வயிற்றிலோ இறங்கினால் கொலை முயற்சி, பிரிவு 109. பாட்டிலை மேசை விளிம்பில் தட்டி உடைக்க இரண்டு நொடிதான் ஆகும். ஆனால் சிசிடிவியில் அந்த இரண்டு நொடியைத்தான் அரசு வழக்கறிஞர் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டுவார். கையில் கிடைத்ததை வீசினேன் என்று வாதாடலாம். உடைத்துவிட்டுக் குத்தியவருக்கு அந்த வாதம் நிற்காது. வெளியே போய் வண்டியிலிருந்து எதையாவது எடுத்துக்கொண்டு திரும்பி வந்தவரின் நிலை இன்னும் மோசம். திடீர்ச் சண்டை என்ற சலுகையை அவர் இழந்துவிடுகிறார்.

"போதையில் இருந்தேன், ஒன்றுமே நினைவில்லை" என்பதைப் பலர் நல்ல பதிலாக நினைக்கிறார்கள். தயவுசெய்து அந்த நம்பிக்கையை விட்டுவிடுங்கள். ஒருவருக்குத் தெரியாமலோ விருப்பத்துக்கு மாறாகவோ போதை ஏற்றியிருந்தால்தான், அதுவும் தான் செய்வது என்னவென்றே அறிய முடியாத நிலை இருந்தால்தான், சட்டம் விலக்கு தருகிறது. தானாகக் குடித்தவருக்கு, குடிக்காதவருக்கு இருக்கும் அதே அறிவு இருந்ததாகவே கொள்ளப்படும். 1956-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பாஸ்தேவ் வழக்கில், கல்யாண வீட்டில் குடித்திருந்த ஓய்வுபெற்ற ராணுவ ஜமேதார் ஒருவர், கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லியும் நகராத சிறுவனைத் துப்பாக்கியால் சுட்டார். கொலைக் குற்றம் உறுதியானது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2014-இல் கொண்டுவந்த சட்டம் இன்னும் கடுமை: போதையில் ஒருவரைத் தாக்கி உயிர் போனால் குறைந்தபட்சமே 8 ஆண்டு.

கூடப் போன நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. குத்தியது ஒருவர், கையைப் பிடித்துக்கொண்டது இன்னொருவர் என்றால், பொது உள்நோக்கம் நிரூபணமானால் இருவருக்கும் ஒரே குற்றம்தான். விலக்கிவிடத்தான் பிடித்தேன் என்பது உண்மையாகவே இருக்கலாம். அதை நிரூபிக்கும்வரை நீங்கள் ஏ2, அதாவது வழக்கில் இரண்டாவது குற்றம் சாட்டப்பட்டவர்.

தற்காப்பு உரிமை கண்டிப்பாக உண்டு. ஆபத்து இருக்கும்வரை, தேவையான அளவுக்கு மட்டும். எதிராளி கீழே விழுந்த பிறகு மிதிப்பதும், வாசல்வரை துரத்திப் போய் அடிப்பதும் தற்காப்பில் சேராது.

எனக்கு அதிகம் கவலை தருவது ஒரே அடி விவகாரங்கள். ஒருவர் நெஞ்சில் கைவைத்துத் தள்ளுகிறார், மற்றவர் பின்பக்கமாகச் சாய்ந்து தலை தரையில் மோதுகிறது. போதையில் இருப்பவரால் விழும்போது கையை ஊன்றித் தடுத்துக்கொள்ள முடிவதில்லை. எழுந்து உட்கார்ந்து, "சரி விடுங்கப்பா" என்று பேசவும் செய்வார். மண்டைக்குள் மெல்லக் கசியும் ரத்தம் சில மணி நேரம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். குறட்டை விடுகிறாரே, போதை தெளியட்டும் என்று படுக்க வைத்துவிடுகிறார்கள். அது மயக்கமாக இருக்கலாம். உயிர் போய்விட்டால், உள்நோக்கமும் அறிவும் எந்த அளவுக்கு இருந்தன என்பதைப் பொறுத்து, கொலையாகாத மரணம் விளைவித்தல் என்ற பிரிவு 105 வரை போகலாம். தலையில் அடிபட்டவர் வாந்தி எடுத்தாலோ, பேச்சு குழறினாலோ, எழுப்பியும் எழவில்லை என்றாலோ உடனே 108-ஐ அழையுங்கள். தள்ளியவரே அழைத்தாலும் அது அவருக்குப் பாதகமாகாது. அவருடைய எண்ணம் என்ன என்பதற்கு நல்ல சாட்சியாகவே நிற்கும்.

அப்புறம், உங்களுக்கும் அடிபட்டிருந்தால் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் விபத்துப் பதிவேட்டில் பதியச் சொல்லுங்கள். எதிர்ப்புகார் கொடுக்க வேண்டி வந்தால் அந்தப் பதிவுதான் கைகொடுக்கும். அடிபட்டவர் வீட்டுக்கு ஆள் அனுப்பிச் சமாதானம் பேசாதீர்கள். மிரட்டினார்கள் என்று இன்னொரு பிரிவு சேரும். கொலை முயற்சிப் பிரிவு ஏறிய வழக்கை "ராசியாகிவிட்டோம்" என்று சொல்லி விசாரணை நீதிமன்றத்தில் முடிக்கவும் முடியாது. பாரின் சிசிடிவி பதிவுகள் சில நாள், சில வாரத்தில் தானாக அழிந்துவிடும். அதைப் பாதுகாத்து வைக்கும்படி விசாரணை அதிகாரிக்கும் பார் நிர்வாகத்துக்கும் உடனே எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.