வர்ணனையாளரும் அல்ல, தொகுப்பாளரும் அல்ல

ஆலன் பிரேசிலை ‘வானொலி வர்ணனையாளர்’ என்று எழுதுவது பிழை. வானொலியில் அவர் பெயர் பெற்றது நிகழ்ச்சியை முன்னின்று நடத்தும் ‘பிரசன்டர்’ வேலையில்.

முதலில் ஆளைப் பற்றி. பிரேசில் என்பது குடும்பப் பெயர். அவர் 1959இல் கிளாஸ்கோவில் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர். பாபி ராப்சன் பயிற்றுவித்த இங்கிலாந்தின் இப்ஸ்விச் கால்பந்து அணியில் முன்கள வீரர். அந்த அணி 1981இல் ஐரோப்பிய அணிகளுக்கான யுஇஎஃப்ஏ கோப்பையை வென்றது. 1982 பிப்ரவரியில் சவுத்தாம்ப்டனை 5-2 என வீழ்த்தியபோது ஐந்து கோல்களும் இவருடையவை. ஸ்காட்லாந்துக்காக 13 ஆட்டங்கள் ஆடியவர், அதே ஆண்டு உலகக் கோப்பை அணியிலும் இருந்தார். பிறகு டாட்டன்ஹாம், மான்செஸ்டர் யுனைடெட். முதுகுக் காயம் ஆட்டத்தைச் சீக்கிரமே முடித்துவிட்டது. அதன்பின் பிரிட்டனின் விளையாட்டு வானொலியான டாக்ஸ்போர்ட்டின் காலை நிகழ்ச்சி.

(அந்த நிகழ்ச்சியின் பெயரிலுள்ள ‘பிரேக்ஃபாஸ்ட்’டைக் ‘காலை உணவு’ என்று பெயர்ப்பதும் வேண்டாம். வானொலியில் அது காலை ஆறு முதல் பத்து வரையிலான நேரத்தைக் குறிக்கும் சொல்; உணவுக்கு அங்கே வேலையில்லை.)

வர்ணனை வடசொல் என்பதற்காக அதை நான் தள்ளவில்லை. ‘நேர்முக வர்ணனை’ நம் காதில் ஊறிய தொடர், பொருளிலும் தெளிவு. பந்து யார் காலில், எந்தப் பக்கம் போகிறது, கோலா இல்லையா என்று நடக்க நடக்கச் சொல்பவர் வர்ணனையாளர். ஏன் அப்படி நடந்தது என்பதை இடைவெளிகளில் விளக்குபவர் உடன் வர்ணனையாளர். காலை நிகழ்ச்சியில் இரண்டுமே இல்லை, ஏனென்றால் அங்கே ஆட்டமே நடக்கவில்லை. பிரசன்டர் நிகழ்ச்சியைத் தொடங்குகிறார், விருந்தினரைப் பேசவைக்கிறார், நேயரின் அழைப்பை எடுக்கிறார், தயாரிப்பாளர் காதில் சொல்வதைக் கேட்டுக்கொண்டே பேச்சை விளம்பரத்துக்கும், மணி அடித்தால் செய்திக்கும் கைமாற்றுகிறார். பேச்சு அரை நிமிடம் நீண்டால் செய்தி தள்ளிப்போகும், அல்லது வாக்கியம் நடுவில் அறுபடும். கடிகாரத்தைக் கையில் வைத்திருப்பவர் அவர்தான்.

அப்படியானால் ‘தொகுப்பாளர்’ என்பார்கள். இதைத்தான் ஏற்கவே முடியாது. தொகுத்தல் என்றால் திரட்டி அடுக்குவது. எட்டுத்தொகைக்குப் பெயர் தந்த வினை அது. நம் மரபு இதில் எவ்வளவு கறார் என்றால், ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் கூடலூர் கிழார், தொகுப்பித்தவர் மாந்தரஞ்சேரல் இரும்பொறை என்று இரண்டு வேலைகளை இரண்டு சொற்களால் பிரித்து வைத்திருக்கிறது. வானொலியில் எது முன், எது பின், யாரை அழைப்பது என்று தொகுப்பவர் தயாரிப்பாளர். அவருடைய உழைப்பை ஒலிவாங்கி முன் இருப்பவர் பெயரில் எழுதிவைக்கிறோம்.

பிழை எங்கே நுழைந்தது? ‘நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்குபவர்’ என்ற முழுத்தொடர் நன்றாகவே இருந்தது. அதில் ‘தொகுத்து’ வினையெச்சம், தலைமை வினை ‘வழங்கு’. சுருக்கியவர்கள் தலையை வெட்டிவிட்டு எச்சத்தை வைத்துக்கொண்டார்கள். பழகிவிட்டதே என்பது பதிலாகாது. கவிதைத் தொகுப்பாளரும் காலை நிகழ்ச்சிக்காரரும் ஒரே சொல்லுக்குள் அடைபட்டால், ‘தொகுப்பாளர்’ என்று மொட்டையாக எழுதும்போது படிப்பவர் யாரை நினைப்பார்?

‘அறிவிப்பாளர்’ நல்ல சொல். இலங்கை வானொலி அதற்குத் தனி மதிப்பே வாங்கித் தந்தது. ஆனால் நான்கு மணி நேரம் வாதாடுகிறவருக்கு அது போதாது. ‘நடத்துநர்’ என்றால் பேருந்துதான் நினைவுக்கு வரும்.

வெட்டிய தலையைத் திரும்ப ஒட்டினால் போதும்: நிகழ்ச்சி வழங்குநர். ‘பிரசன்ட்’ லத்தீன் வேரில் முன்னே கொண்டுவந்து வைப்பது. வழங்கு என்பதில் கொடுத்தலும் உண்டு, நடமாடுதலும் உண்டு. ‘சேவை வழங்குநர்’ ஏற்கெனவே இருக்கிறதே என்றால், முன்னே நிற்கும் ‘நிகழ்ச்சி’ குழப்பத்தைத் தீர்த்துவிடும். வழங்கு + நர். ஓட்டுநர், இயக்குநர் போல. ‘வழங்குனர்’ என்று எழுத வேண்டாம்.

ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் அணிக்கு 355 கோல்கள் அடித்த ஆலி மெக்கோயிஸ்ட் அதே காலை நிகழ்ச்சியில் பிரேசிலோடு அமர்ந்தவர். 2018 உலகக் கோப்பையில் ஐடிவி தொலைக்காட்சிக்காக ஆட்டங்களைப் பற்றிப் பேசியவர். அவரை இப்படி எழுதுங்கள்: காலையில் இணை வழங்குநர், ஆட்டத்தில் உடன் வர்ணனையாளர்.