குட்டி எப்போது விமானம் ஏறும்? நாள் குறிப்பது ரேபிஸ் ஊசி

எட்டு வார நாய்க்குட்டியை விமானத்தில் ஏற்றிவிடலாம். பல நாடுகளில் அதை இறக்கத்தான் விடமாட்டார்கள். காரணம், ரேபிஸ் எனும் வெறிநாய் நோய்.

பிறந்ததும் தாயின் சீம்பாலிலிருந்து குட்டிக்கு எதிர்ப்புச் சக்தி கிடைக்கிறது. அது உடம்பில் இருக்கும்வரை, போடுகிற தடுப்பூசியையும் சேர்த்தே முறியடித்துவிடும். அதனால்தான் 12 வாரத்துக்கு முன் போட்ட ரேபிஸ் ஊசியை ஐரோப்பிய ஒன்றியம் கணக்கில் எடுப்பதில்லை.

ஊசிக்கு முன்னால் மைக்ரோசிப். நாயை அடையாளம் காட்டும் எண்ணைச் சுமக்கும், அரிசி மணியளவு கண்ணாடிக் குப்பி. பின்கழுத்துத் தோலுக்கடியில் போகும். அதில் பேட்டரி கிடையாது. ஸ்கேனர் அனுப்பும் அலையே அதற்கு மின்சாரம். 134.2 கிலோஹெர்ட்ஸில் படிக்கிற, 15 இலக்க ஐஎஸ்ஓ (சர்வதேசத் தரம்) சிப்பாகக் கேட்டு வாங்குங்கள். ஊசி முதலில், சிப் பிறகு என்றால் அந்த ஊசி செல்லாது; எந்த நாய்க்குப் போட்டது என்பதற்கு அத்தாட்சி இல்லையே. ஒவ்வொரு தாளிலும் 15 இலக்கங்களையும் விரல் வைத்துச் சரிபாருங்கள். ஓர் இலக்கம் பிசகினாலும் காகிதத்தில் அது வேறு நாய்.

ரேபிஸ் கட்டுக்குள் இருப்பதாகப் பட்டியலிடப்பட்ட நாட்டிலிருந்து ஐரோப்பாவுக்குப் போனால், முதல் ஊசிக்குப் பின் 21 நாள் பொறுத்தால் போதும். பட்டியலில் இல்லாத நாடு என்றால் ரத்தப் பரிசோதனை உண்டு. ஊசி போட்டு 30 நாளாவது கழிந்தபின் ரத்தம் எடுத்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். எதிர்ப்புப்புரதம் மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகாவது இருக்க வேண்டும். ஒற்றை ஊசியில் சில குட்டிகள் இதை எட்டுவதில்லை. அப்போது மறுபடி ஊசி, மறுபடி ரத்தம். நாள் கணக்கும் முதலிலிருந்து.

தேறிய பிறகும், ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். வெறும் சம்பிரதாயம் போலத் தோன்றும், அப்படியல்ல. ஊசிக்கு முன்பே நாய்க்கு ரேபிஸ் தொற்றியிருந்தால், கிருமி நரம்பு வழியே மூளைக்குப் போய்ச் சேர வாரங்கள், மாதங்கள்கூட ஆகும். அதுவரை ரத்த அறிக்கை காட்டிக்கொடுக்காது, நாள்தான் காட்டிக்கொடுக்கும்.

ஜனவரி 1 அன்று பிறந்த குட்டியை எடுத்துக்கொள்வோம். மார்ச் 26 சிப்பும் ஊசியும், ஏப்ரல் 25 ரத்தம், ஜூலை 25 பயணம். எல்லாம் முதல் முயற்சியிலேயே கைகூடினால்தான் இந்தக் கணக்கு. டிக்கெட்டை ரத்த அறிக்கை வந்தபின் எடுப்பதே புத்திசாலித்தனம்.

நாட்டுக்கு நாடு விதி மாறும். ரேபிஸ் இல்லாததாகத் தான் ஏற்ற சில இடங்களைத் தவிர, மற்ற நாடுகளிலிருந்து வரும் நாய்க்கு ஜப்பான் இரண்டு ஊசியும், ரத்தம் எடுத்தபின் 180 நாளும் கேட்கிறது. அமெரிக்கா 2024 ஆகஸ்ட் 1 முதல் ஆறு மாதம் நிறையாத நாயை அனுமதிப்பதில்லை. பிரிட்டனுக்கு, சில நாடுகளிலிருந்து வரும் நாய்களைத் தவிர, நுழைவதற்கு 24 முதல் 120 மணி நேரத்துக்குள் மருத்துவர் கையால் நாடாப்புழு மருந்து கொடுத்திருக்க வேண்டும்.

கூண்டை இன்றைய அளவுக்கு வாங்காதீர்கள். பயண நாளுக்குள் குட்டி வளர்ந்துவிடும். மூக்கு நுனியிலிருந்து வால் அடிவரை உள்ள நீளத்தோடு, தரையிலிருந்து முழங்கை மூட்டுவரையான உயரத்தில் பாதியைக் கூட்டினால் கூண்டின் நீளம். தோள் அகலத்தைப் போல் இருமடங்கு, அகலம். பக் போன்ற சப்பை மூக்கு இனங்களுக்கு எல்லா அளவையும் 10 சதவீதம் கூட்ட வேண்டும்.

மயக்க மருந்து வேண்டவே வேண்டாம். ரத்த அழுத்தம் இறங்கும், உடல் வெப்பத்தைச் சீராக வைக்கும் திறன் குறையும்; சரக்கு அறையில் அதைக் கவனிக்க ஆளும் இல்லை. மாறாக, கூண்டை ஒரு மாதம் முன்பே வீட்டில் திறந்து வைத்து, சாப்பாட்டை அதற்குள் வையுங்கள். தானாக உள்ளே போய்த் தூங்கத் தொடங்கிய பிறகு கதவைச் சாத்திப் பழக்கலாம்.