ஸ்னெல்லை இறக்கினார்கள், சரி. ஏற்றியது யாரை?

2020 அக்டோபர் 27, டெக்சாஸ் மாநிலம் ஆர்லிங்டன். அமெரிக்க பேஸ்பாலின் இறுதிப் போட்டியான உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்தில், மொத்தம் ஒன்பதில் ஆறாவது இன்னிங்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. டாம்பா பே ரேஸ் 1-0 என்று முன்னிலை. அந்த அணியின் இடக்கை பிட்சர் (பந்து வீசுபவர்) பிளேக் ஸ்னெல் அதுவரை 73 பந்துகள்தான் வீசியிருந்தார். ஒன்பது பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்திருந்தார் (பந்தைச் சரியாக அடிக்கவே விடாமல் வெளியேற்றுவது), ஒருவரைக்கூட வாக் போக விடவில்லை (குறிதவறிய நான்கு பந்துகளால் பேட்டருக்கு இலவசமாக முதல் தளம் கிடைப்பது). லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸின் முதல் மூன்று பேட்டர்களான பெட்ஸ், சீகர், டர்னர் ஆளுக்கு இரண்டு முறை வந்து ஆறு முறையும் ஸ்ட்ரைக் அவுட் ஆகிப் போயிருந்தார்கள். ஒரு அவுட்டுக்குப் பிறகு ஆஸ்டின் பார்ன்ஸ் ஒரு சிங்கிள் (முதல் தளம் வரை ஓட முடிந்த அடி) அடித்தார். ஸ்னெல் விட்டுக்கொடுத்த இரண்டாவது ஹிட் அது.

உடனே ரேஸ் மேனேஜர் கெவின் கேஷ் டக்அவுட்டிலிருந்து எழுந்து வந்தார். அவர் வருவதைப் பார்த்ததும் ஸ்னெல் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாய்க்குள் திட்டியது கேமராவில் அப்படியே பதிவாகியிருக்கிறது. அந்தக் காட்சியை நான் பலமுறை திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். வீசுகிற கை நன்றாக ஓடும்போது பந்தைப் பிடுங்கிக்கொண்டால் எப்படி இருக்கும் என்பதற்கு அந்த முகம் போதும்.

பந்து நிக் ஆண்டர்சன் கைக்குப் போனது. எதிரே மூக்கி பெட்ஸ். இடதுபுறக் கோட்டை ஒட்டி ஒரு டபுள் (இரண்டாம் தளம் வரை ஓட முடிந்த அடி). அடுத்து ஆண்டர்சனின் பந்து ஒன்று கேட்சரைத் தாண்டி ஓட, பார்ன்ஸ் ரன் எடுத்தார், ஆட்டம் சமன். கோரி சீகர் தரையோடு அடித்த பந்தில் பெட்ஸும் ஓடி வந்து ரன் எடுத்தார். டாட்ஜர்ஸ் 3-1 என்று வென்று, 1988க்குப் பிறகு முதன்முறையாகக் கோப்பையைத் தூக்கியது. ரேஸ் அணி இன்றுவரை உலகத் தொடரை வென்றதில்லை.

அந்த ராத்திரி தொடங்கிய சண்டை இன்னும் ஓயவில்லை. "கம்ப்யூட்டர் சொன்னதைக் கேட்டுக் கோப்பையைக் கோட்டைவிட்டார்கள்" என்று ஒரு பக்கம். "கணக்கு சரிதான், நேரம் சரியில்லை" என்று இன்னொரு பக்கம். இரண்டு பேரும் கேள்வியின் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு மோதுகிறார்கள் என்பது என் எண்ணம். ஏன் என்று பார்க்க, கேஷ் நம்பிய கணக்கு எப்படி வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கிரிக்கெட் பார்த்துப் பழகிய நமக்கு முதலில் ஒன்று விளங்க வேண்டும். கிரிக்கெட் கேப்டன் ஒரு பந்துவீச்சாளரை நிறுத்திவிட்டு ஐந்து ஓவர் கழித்துத் திரும்பக் கூப்பிடலாம். பேஸ்பாலில் அது முடியாது. பிட்சர் நின்று வீசும் மேடான மவுண்டிலிருந்து இறக்கப்பட்டு மாற்று ஆள் வந்துவிட்டால் அன்றைய ஆட்டம் அவருக்கு முடிந்தது. எதிரணியின் ஒன்பது பேட்டர்களும் அதே வரிசையில் சுற்றிச்சுற்றி வருவார்கள். ஸ்னெல்லைப் போல ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் ஆறாவது இன்னிங்ஸை நெருங்கும்போது அந்த வரிசை மூன்றாம் சுற்றுக்கு வந்துவிடும்.

இந்த மூன்றாம் சுற்றுதான் விவகாரம். பேட்டருக்குக் கிடைக்கும் நேரம் எவ்வளவு என்று பாருங்கள். மவுண்டிலிருந்து பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட் வரை 18.44 மீட்டர். பிட்சர் காலை நீட்டி முன்னே வந்து பந்தை விடுவதால் உண்மையான தூரம் சுமார் 17 மீட்டர்தான். மணிக்கு 153 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து அதைக் கடக்க ஏறத்தாழ 0.4 விநாடி ஆகும். மட்டையைச் சுழற்றவே 0.15 விநாடி வேண்டும். அடிப்பதா விடுவதா, எங்கே அடிப்பது என்று முடிவெடுக்க மிஞ்சுவது ஏறத்தாழ கால் விநாடிதான். பந்தைக் கடைசிவரை கண்ணால் தொடர்வது நடக்காத காரியம். அது கையிலிருந்து கிளம்பும் கோணம், தையலின் சுழற்சி, முதல் சில மீட்டர் பாதை, இவ்வளவை வைத்து மூளை மீதியை ஊகித்துக்கொள்கிறது. நல்ல பிட்சரின் திறமையே இந்த ஊகத்தைக் குலைப்பதில் இருக்கிறது. வேகப்பந்தும் மெதுவான சேஞ்ச்அப்பும் ஒரே கையசைவில் கிளம்பி, பாதி வழி வரை ஒன்றுபோலவே தெரிந்து, அதற்குப் பிறகுதான் பிரியும்.

ஊகத்துக்கு அடிப்படை நினைவு. முதல் தடவை பெட்ஸ் பார்ப்பது அந்நியமான ஒரு கை. மூன்றாம் தடவை நிற்கும்போது அந்தக் கையிலிருந்து கிளம்பிய பத்துப் பதினைந்து பந்துகள் மனத்தில் பதிந்திருக்கும். டாம் டேங்கோ, மிட்செல் லிக்ட்மேன் போன்ற புள்ளியியலாளர்கள் பல ஆண்டு ஆட்டங்களைத் தோண்டி இதை அளந்தார்கள். பேட்டர் தளத்தை எட்டும் வீதத்தை, அடியின் மதிப்பையும் சேர்த்து ஆயிரத்துக்கு இத்தனை என்று சொல்வார்கள். சராசரி 320க்குப் பக்கத்தில் இருக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் அது சுமார் 10 புள்ளி ஏறுகிறது. பிட்சரின் களைப்புதான் காரணம் என்று முதலில் தோன்றும். ஆனால் முதல் சுற்றில் அதிகப் பந்துகளைப் பார்த்த பேட்டர் அடுத்த சுற்றில் இன்னும் நன்றாக ஆடுகிறார் என்றும், ஒரே வகைப் பந்தையே நம்பும் பிட்சர்கள்தான் அதிகம் அடிவாங்குகிறார்கள் என்றும் லிக்ட்மேன் காட்டினார். பழக்கத்துக்குத்தான் பெரும் பங்கு.

ஆட்டம் முடிந்ததும் கேஷ் சொன்ன காரணமும் இதுதான்: பெட்ஸும் சீகரும் ஸ்னெல்லை மூன்றாம் முறை பார்க்க வேண்டாம் என்று நினைத்தார்.

இப்போது இந்த 10 புள்ளி எவ்வளவு கனம் என்று பார்ப்போம். ரன் கணக்குக்கு மாற்றினால் ஒரு பேட்டருக்கு 0.008 ரன். முதல் சுற்றுக்கும் மூன்றாம் சுற்றுக்கும் உள்ள 20 புள்ளி வித்தியாசத்தை எடுத்துக்கொண்டாலும், பெட்ஸ், சீகர், டர்னர் மூவருக்கும் சேர்த்து ஒரு ரன்னில் இருபதில் ஒரு பங்கு. அவ்வளவுதான். அதோடு, 2023இல் வெளிவந்த ஒரு புள்ளியியல் ஆய்வு, மூன்றாம் சுற்றின் வாசலில் திடீர்ப் பள்ளம் எதுவும் இல்லை என்றது. பிட்சரின் செயல்திறன் ஆட்டம் நெடுக மெல்ல மெல்லச் சரிகிறது. ஒன்பதாம் பேட்டருக்கும் திரும்பி வரும் முதல் பேட்டருக்கும் நடுவே கோடு கிழிக்க இயற்கை எந்த அடையாளமும் வைக்கவில்லை.

சுற்றின் விளைவு உண்மை, ஆனால் சின்னது. இன்னொரு பக்கம், முதல்தரமான ரிலீவருக்கும் (ஆட்டத்தின் நடுவில் வந்து வீசும் மாற்று பிட்சர்) சராசரி பிட்சருக்கும் உள்ள வித்தியாசம் 50 புள்ளிக்கும் மேல். அதாவது ஸ்னெல்லை எப்போது இறக்குவது என்பதைவிட, அவருக்குப் பதில் யாரை ஏற்றுவது என்பது பல மடங்கு கனமான கேள்வி. ரசிகர்களின் விவாதத்தில் காணாமல் போன பாதி இதுதான். ஒரு முடிவைத் தனியாக எடைபோட முடியாது. இரண்டு தட்டு வேண்டும். ஒன்றில் மூன்றாம் சுற்று ஸ்னெல், மற்றதில் அன்றைய ஆண்டர்சன்.

காகிதத்தில் ஆண்டர்சன் அபாரம். அந்த ஆண்டு வழக்கமான பருவத்தில் ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்த ரன்கள் சராசரியாக 0.55. லீக்கிலேயே மிகச் சிறந்தவர்களில் ஒருவர். ஆனால் கொரோனாவால் சுருங்கிய 60 ஆட்டப் பருவம் அது. அதில் அவர் வீசியது 16 இன்னிங்ஸ் சொச்சம். அதன் பிறகு பிளேஆஃபில் (கோப்பைக்கான நாக்அவுட் சுற்றுகள்), ஒரே மாதத்துக்குள், ஏறத்தாழ அதே அளவு வீசவேண்டியிருந்தது. நடுவில் வந்த இரண்டு சுற்றுகளுக்கு ஓய்வு நாட்களும் கிடையாது. பெட்ஸுக்கு முன்னால் அவர் வந்து நின்றபோது, தான் வீசிய முந்தைய ஆறு ஆட்டங்களிலும் தொடர்ச்சியாக ரன் விட்டிருந்தார். கோபப்பட்ட ரசிகர்களில் ஒரு சிலர் இதைத்தான் கத்தினார்கள், அவர்கள் சொன்னதில் பொருள் இருந்தது. பருவம் முழுவதற்குமான சராசரி, கடைசி வாரத்தில் சோர்ந்து நிற்கும் மனிதனைப் பற்றிச் சொல்லாது.

ஆனால் "ஸ்னெல் அன்றைக்கு நெருப்பு, யாராலும் தொட முடியாது" என்ற வாதத்தை அப்படியே ஏற்க எனக்குத் தயக்கம். பத்துக்கு மூன்று ஹிட் அடிக்கும் நல்ல பேட்டர்கூட இரண்டு வாய்ப்பில் இரண்டிலும் தோற்க 49 சதவீதம் சாத்தியம் உண்டு. முதல் ஐந்து இன்னிங்ஸ் பிரமாதமாக வீசிய பிட்சர்கள் அதற்குப் பிறகு எப்படி வீசினார்கள் என்று தேடிப் பார்த்தவர்களுக்குக் கிடைத்தது ஏமாற்றம். அவர்கள் ஏறக்குறைய தங்கள் வழக்கமான தரத்துக்கே திரும்பிவிடுகிறார்கள். ஸ்னெல்லும் அந்த ஆண்டு ஒரு ஆட்டத்தில்கூட ஆறு இன்னிங்ஸை முழுதாக முடித்ததில்லை. அதே நேரம், அவர் இறங்கியதைப் பார்த்து எதிரணி டக்அவுட்டில் நிம்மதிப் பெருமூச்சு எழுந்ததைப் பெட்ஸும் டாட்ஜர்ஸ் மேனேஜர் டேவ் ராபர்ட்ஸும் பின்னால் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார்கள். அதையும் தட்டில் வைக்கத்தான் வேண்டும்.

இங்கே பத்து நாள் பின்னே போக வேண்டும். அக்டோபர் 17, சான் டியாகோ. உலகத் தொடருக்குப் போவது யார் என்பதைத் தீர்மானிக்கும் ஏழாவது ஆட்டம், எதிரணி ஹியூஸ்டன் ஆஸ்ட்ரோஸ். ரேஸின் சார்லி மார்ட்டன் ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. 66 பந்துகள்தான். ஆறாவது இன்னிங்ஸில் இரண்டு பேர் தளத்தில் இருக்க, கேஷ் எழுந்து வந்து அவரை இறக்கினார். ஏற்றியது யாரை? இதே நிக் ஆண்டர்சனை. அவர் மைக்கேல் பிரான்ட்லியைத் தரையடியில் அவுட்டாக்கினார். ரேஸ் 4-2 என்று வென்றது. கேஷுக்குத் துணிச்சல்காரர் என்று பெயர்.

அதே மேனேஜர், அதே இன்னிங்ஸ், அதே ரிலீவர், அதே தர்க்கம். ஒன்று புத்திசாலித்தனம், மற்றது மடத்தனம். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஜொனாதன் பேரன், ஜான் ஹெர்ஷி இருவரும் 1988இல் இதை ஒரு சோதனையில் பிடித்துக் காட்டினார்கள். இதயக் கோளாறுள்ள 55 வயதுக்காரர் ஒருவர். அறுவை சிகிச்சை செய்தால் குணமாகலாம், ஆனால் அந்த சிகிச்சையில் நூற்றுக்கு 8 பேர் இறக்கிறார்கள். மருத்துவர் செய்வதென்று முடிவெடுக்கிறார். நோயாளி பிழைத்தார் என்று கேட்டவர்கள் மருத்துவரின் முடிவுக்கு அதிக மதிப்பெண் போட்டார்கள், இறந்தார் என்று கேட்டவர்கள் குறைத்துப் போட்டார்கள். மருத்துவர் கையில் இருந்த தகவல் இரண்டு கதையிலும் ஒன்றுதான். விளைவு தெரிந்த பிறகு நம் மனம் பின்னோக்கிப் போய் முடிவின் தரத்தையே மாற்றி எழுதிவிடுகிறது.

2003 அக்டோபர் 16 அன்று பாஸ்டன் ரெட் சாக்ஸ் மேனேஜர் கிரேடி லிட்டில் இதற்கு நேரெதிராகச் செய்தார். உலகத் தொடருக்குப் போவது யார் என்பதைத் தீர்மானிக்கும், நியூயார்க் யாங்கீஸுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில் 5-2 முன்னிலை, எட்டாவது இன்னிங்ஸ். களைத்துப்போன பெட்ரோ மார்ட்டினெஸிடம் போய்ப் பேசிவிட்டு, அவரை மவுண்டிலேயே விட்டுத் திரும்பினார். ஆட்டம் சமனாகி, பதினோராவது இன்னிங்ஸில் ஆரன் பூனின் ஹோம் ரன்னில் பாஸ்டன் தோற்றது. லிட்டிலின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. உள்ளுணர்வை நம்பிய லிட்டில், கணக்கை நம்பிய கேஷ், இரண்டு பேருக்கும் கிடைத்தது ஒரே வசவு.

ஒரு ஆட்டத்தை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது என்பது வெறும் ஆறுதல் வார்த்தை இல்லை, கணக்கே அப்படித்தான் இருக்கிறது. பிட்சரை மாற்றியதால் வெற்றி வாய்ப்பு 62 சதவீதத்திலிருந்து 64 ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேனேஜருக்கு அது பெரிய லாபம். முடிவுகளை மட்டும் எண்ணி அந்த இரண்டு சதவீதத்தை உறுதிசெய்ய வேண்டுமென்றால், மாற்றிய ஆட்டம் சுமார் ஐயாயிரம், மாற்றாத ஆட்டம் சுமார் ஐயாயிரம் வேண்டும். ஒரு அணி ஆண்டுக்கு ஆடுவது 162. ஒரே ஒரு பக்கத்தை எண்ணி முடிக்கவே முப்பது ஆண்டு.

அதனால்தான் அணிகள் வெற்றி தோல்வியை எண்ணுவதோடு நிற்காமல் அடிகளை எண்ணுகின்றன. மூன்று தளங்களில் ஆள் இருப்பதும் இல்லாததுமாக எட்டு நிலை, அவுட் எண்ணிக்கை மூன்று, மொத்தம் 24 நிலைகள். ஒவ்வொன்றிலிருந்தும் அந்த இன்னிங்ஸ் முடிவதற்குள் சராசரியாக எத்தனை ரன் வந்தது என்று பல்லாயிரம் இன்னிங்ஸிலிருந்து எடுத்து வைத்திருக்கிறார்கள். முதல் தளத்தில் ஒருவர், ஒரு அவுட்: ஏறத்தாழ அரை ரன். கேஷ் மவுண்டுக்கு நடந்தபோது நிலைமை இதுதான். பெட்ஸின் டபுளுக்குப் பிறகு இரண்டாம், மூன்றாம் தளங்களில் ஆட்கள், ஒரு அவுட்: ஏறத்தாழ 1.4 ரன். ஒரே அடியில் அந்த இன்னிங்ஸ் தலைகீழானது இப்படித்தான்.

கேஷின் முடிவு அந்த நிமிடத்தில் பிறந்ததும் இல்லை. ரேஸ் சம்பளத்துக்குக் குறைவாகச் செலவழிக்கும் அணிகளில் ஒன்று, விலை உயர்ந்த ஸ்டார்ட்டர்களை (ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர்களை) வரிசையாக வாங்க அவர்களால் முடியாது. அதனால் ரிலீவர்களைத் தேடிச் சேர்த்து, ஆட்டத்தைத் துண்டு துண்டாகப் பகிர்ந்து கொடுக்கிறார்கள். 2018 மே மாதம், கடைசி இன்னிங்ஸ்களுக்கென்றே அறியப்பட்ட செர்ஜியோ ரோமோவை முதல் இன்னிங்ஸ் வீச வைத்து லீக்கையே திரும்பிப் பார்க்க வைத்தவர்கள் இவர்கள். ஆண்டர்சனை நம்பும்படிதான் அணியே கட்டப்பட்டிருந்தது. 2020 டிசம்பரில் ஸ்னெல்லை சான் டியாகோ பாட்ரேஸுக்கு அனுப்பி நான்கு இளம் வீரர்களை வாங்கினார்கள், ரசிகர்களின் புண்ணில் உப்பைத் தடவியதுபோல. நவம்பரில் கேஷுக்கு அமெரிக்கன் லீக்கின் சிறந்த மேனேஜர் விருது கிடைத்திருந்தது. அதற்கான வாக்குகள் பிளேஆஃப் தொடங்குமுன்பே போடப்பட்டவை.

2024 ஆகஸ்ட் 2 அன்று, சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் சீருடையில், ஸ்னெல் சின்சினாட்டியில் ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் ஒன்பது இன்னிங்ஸையும் வீசினார். ஒரு ஆட்டத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை தானே வீசியது அவர் வாழ்க்கையிலேயே அதுதான் முதல் முறை.

ஆண்டர்சனின் கதை வேறு மாதிரி போனது. 2021 மார்ச்சில், புதிய பருவத்துக்கான பயிற்சியின்போது, அவருடைய வீசும் கையின் முழங்கைத் தசைநார் ஒரு பகுதி கிழிந்திருப்பது தெரியவந்தது. செப்டம்பர் வரை அவரால் மவுண்ட் ஏற முடியவில்லை.