கர்ப்பகால பிரஷரும் பத்து விநாடி மூச்சும்

“ஏழாம் மாதம் நடக்கிறது. பிரஷர் 144/92. மாத்திரைக்குப் பதிலாகத் தியானமும் மூச்சுப் பயிற்சியும் போதுமா?” என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

போதாது. ஆனால் மூச்சுக்குப் பலன் உண்டு. அது நடக்கும் விதம்தான் அழகு.

மணிக்கட்டில் நாடியைப் பிடித்தபடி மூச்சை இழுங்கள், துடிப்பு விரையும். மெல்ல விடுங்கள், நிதானமாகும். வெளிமூச்சின்போது வேகஸ் நரம்பு இதயத்தைத் தணிக்கிறது.

தாடைக்குக் கீழே, கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் அழுத்த உணரிகள் இருக்கின்றன. அழுத்தம் ஏறித் தமனிச் சுவர் விரிந்தால், மூளையின் அடியிலுள்ள முகுளத்துக்குத் தகவல் போகும். முகுளத்தின் உத்தரவு இதயத்தில் ஓரிரு துடிப்புக்குள் பலிக்கும்; ரத்தக்குழாய்கள் தளரச் சில விநாடிகள் ஆகும். இந்தத் தாமதத்தால் நம் ரத்த அழுத்தம் சுமார் 10 விநாடிக்கு ஒருமுறை லேசாக ஏறி இறங்குகிறது. மூச்சும் 10 விநாடிக்கு ஒன்றானால், ஊஞ்சல் திரும்பும் நேரம் பார்த்துத் தள்ளியது போல இரண்டு அலைகளும் கூடிக்கொள்ளும். உணரிகளின் அனிச்சைச் செயல் கூர்மையாகும். குழாய்களை இறுக்கும் நரம்புகள் அடங்கும். இத்தாலியின் லூசியானோ பெர்னார்டி குழு 2001-இல் வெளியிட்ட ஆய்வில், லத்தீன் ஜெபமாலையும் யோக மந்திரமும் ஒன்றுபோல மூச்சை நிமிடத்துக்கு ஆறாகக் குறைத்தன. எந்த மதத்து வரி என்பதல்ல, அதைச் சொல்லும் நீளமே கணக்கு.

ஆனால் 20 வாரத்துக்குப் பின் ஏறும் பிரஷரின் வேர் பல நேரம் நஞ்சுக்கொடியில் இருக்கிறது. கருப்பைத் தமனிகள் போதிய அளவு அகலாதபோது, ரத்தம் பற்றாத நஞ்சுக்கொடி தாயின் ரத்தத்தில் சில புரதங்களை விடுகிறது. அவை குழாய்களின் உட்சுவரைக் கெடுக்கின்றன. சிறுநீரில் ‘உப்பு’ என்று நர்ஸ் சொல்வது, இதனால் கசியும் புரதத்தைத்தான். மூச்சு அங்கே எட்டாது. “நீ டென்ஷன் ஆனதால்தான் பிரஷர்” என்று அந்தப் பெண்ணையே குறை சொல்லும் வீடுகளைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.

லாபெட்டலால், நிஃபெடிபின் என எந்தப் பிரஷர் மாத்திரை கொடுத்திருந்தாலும் தவறாமல் சாப்பிடுங்கள். கூடவே சாய்ந்து உட்கார்ந்து, அடக்காமல் மெல்ல மூச்சு விடுங்கள். விற்க ஏதுமில்லாத இந்த முறையைக் கர்ப்பிணிகளிடம் பெரிய அளவில் ஆராய, அரசுதான் பணம் ஒதுக்க வேண்டும்.

விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்றில் வலி, திடீரென முகவீக்கம்: இதில் ஒன்று வந்தாலும், நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.